வாசகர் மனத்தை அறிந்த தமிழவேள்

ஊடகம் மனித மனத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை ஆராயும் துறைக்கு ஊடக உளவியல் என்று பெயர். அதன் அடிப்படைக் கருத்துகள் பல அமெரிக்காவில் உருவானவை. அவை சொல்லும் விளைவுகளை நம் சிங்கப்பூரிலேயே ஒருவர் நடைமுறையில் காட்டினார். அவர்தான் தமிழவேள் கோ. சாரங்கபாணி.

1903ல் திருவாரூரில் பிறந்த அவர், 1924ல் சிங்கப்பூர் வந்து கணக்கராக வேலை பார்த்தார். எழுத்தின் மீதிருந்த பற்று அவரை ‘முன்னேற்றம்’ இதழுக்கு இழுத்தது. 1935ல் ‘தமிழ் முரசு’ வார இதழைத் தொடங்கினார். இரண்டே ஆண்டுகளில் அது நாளிதழானது.

அன்றைய தமிழர் பலர் துறைமுகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் மலாயாத் தோட்டங்களிலும் உழைத்தவர்கள். எழுத்தறிவு குறைவு. ஆனால் படிக்கத் தெரிந்த ஒருவர் கடையிலோ லயத்திலோ உரக்கப் படித்தால் பத்துப் பேர் சுற்றி நின்று கேட்பார்கள். 1940ல் அமெரிக்க அதிபர் தேர்தலின்போது வாக்காளர்களை ஆராய்ந்த பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழுவினர் கண்டதும் இதைப் போன்றதுதான். செய்தி நேராக எல்லாரையும் மாற்றுவதில்லை. நம்பிக்கைக்குரிய அண்டை அயலார் வழியாகவே மனங்களை அடைகிறது. இதற்கு இருபடி ஓட்டம் என்று பெயர்.

1972ல் மெக்கோம்ப்ஸ், ஷா ஆகிய இருவர் இன்னொன்றை எடுத்துக்காட்டினர். செய்தித்தாள் எதை அடிக்கடி, பெரிதாகப் போடுகிறதோ அதையே மக்கள் முக்கியமென்று கருதுகிறார்கள் என்பது அது. சாரங்கபாணியின் 1950களைப் பார்த்தால் இது விளங்கும். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறையில் எந்த மொழிக்கு இடம் என்ற கேள்வி எழுந்தபோது, தமிழுக்காக முரசு விடாமல் எழுதியது. ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிக்குச் சாதாரணத் தொழிலாளர்களும் கைக்காசைக் கொடுத்தார்கள். 1956ல் அமைந்த அந்தத் துறையில் தமிழ் இடம்பெற்றது. 1952ல் தொடங்கிய தமிழர் திருநாளோ, சமயமும் சாதியும் பாராமல் தமிழர்களை ஒரே மேடையில் கூட்டியது.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை குடியுரிமை. 1957ல் புதிய குடியுரிமைச் சட்டம் வந்தபோது, ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற எண்ணத்தில் தயங்கியவர்கள் பலர். பதியாமல் விட்டால் வாக்குரிமை இல்லை, பிள்ளைகளின் எதிர்காலமும் கேள்விக்குறி. பதிந்துகொள்ளுங்கள் என்று முரசு மீண்டும் மீண்டும் வற்புறுத்தியது. அவர் எழுதியதோடு நிற்கவில்லை; விண்ணப்பிக்க வந்தவர்களுக்கு உதவியும் ஏற்பாடு செய்தார். இன்று சிராங்கூன் ரோட்டில் நடமாடும் எத்தனையோ குடும்பங்களின் வேர் அந்தப் பதிவில் இருக்கிறது.

மாணவர்களுக்காக அவர் மாணவர் மணிமன்றத்தை உருவாக்கினார். அச்சில் தன் பெயரைக் கண்ட பிள்ளை மறுபடியும் எழுதியது. பின்னாளில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் வளர்ந்தவர்கள் அவர்களில் உண்டு. ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்பதைவிட, மக்கள் ஊடகத்தைக் கொண்டு என்ன செய்துகொள்கிறார்கள் என்று கேட்பது பயன்பாடும் மனநிறைவும் என்ற கோட்பாடு. அதை விளக்கும் முக்கிய நூல் 1974ல் வெளிவந்தது. அதே ஆண்டு மார்ச் மாதம் சாரங்கபாணி காலமானார்.

அவருடைய பாதை பூப்பாதையாக இருக்கவில்லை. 1963ல் ஊழியர் வேலைநிறுத்தத்தால் முரசே சில காலம் நின்றது. தொழிலாளருக்காக எழுதிய பத்திரிகைக்குள்ளேயே அப்படி நேர்ந்தது அவருக்குப் பெரிய அடி. பத்திரிகை மீண்டும் வெளிவந்தது.

இன்று உரக்கப் படிப்பவரின் இடத்தில் வாட்ஸ்அப் இருக்கிறது. தெரிந்தவர் அனுப்பினால் நம்பிவிடும் அந்தப் பழைய மனம் மாறவில்லை. குடியுரிமைச் செய்தி பரவிய அதே வழியில் இன்று வதந்தியும் பரவுகிறது. சாரங்கபாணி தாம் அச்சிட்டதற்குத் தம் பெயரோடு பொறுப்பேற்றார். அடுத்த முறை ஒன்றைப் பகிருமுன் நாமும் அப்படிப் பொறுப்பேற்க முடியுமா என்று யோசிக்கலாம்.