ஏடேற்றிய பெருமகன் கஜுலு லட்சுமிநரசு செட்டியார்

தம் நிலத்தின் வரிக்கணக்கு எவ்வாறு போடப்பட்டது என்று தளவாய்புரத்து உழவர் ஒருவர் இன்று பத்து ரூபாய்க் கட்டணத்தில் எழுதிக் கேட்கலாம். தகவல் பெறும் உரிமைக்கு 1997இல் இந்திய மாநிலங்களுள் முதன்முதலாகச் சட்டம் இயற்றியது தமிழ்நாடு; 2005இல் நாடு முழுமைக்கும் சட்டம் வந்தது. இவ்வூர் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்திருந்த கும்பினிக் காலத்தில் நிலை வேறு. வரி நிலுவைக்காகக் குடியானவர் முதுகில் கல்லேற்றி வெயிலில் நிறுத்தினர். விரல்களைக் கிட்டியில் நெரித்தனர். மேலிடமோ ஒன்றும் அறியாதது போல் இருந்தது. அதனை அறியவைத்தவர் கஜுலு லட்சுமிநரசு செட்டியார்.

1806இல் சென்னையில் வணிகக் குடியில் பிறந்த அவர், துணி, அவுரி வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டினார். அப்பொருளைக் கொண்டு 1844இல் 'கிரசென்ட்' என்னும் ஆங்கில இதழைத் தொடங்கினார். பிறை என்பது அப்பெயரின் பொருள். ஆசிரியர் எட்வர்ட் ஹார்லி என்னும் ஆங்கிலேயர். அவ்விதழின் விளம்பரத்தையும் அரசிதழ் ஏற்க மறுத்தது. ஓர் அரசு இதழொன்றுக்கு அஞ்சிய விதம் இது!

1852இல் சென்னைவாசிகள் சங்கம் கண்டு, குடிகளின் குறைகளை இங்கிலாந்துப் பாராளுமன்றத்துக்கு விண்ணப்பமாக அனுப்பினார். அதன் பயனாக 1853 அக்டோபரில் பாராளுமன்ற உறுப்பினர் சீமோர் இங்கு வந்தார். கடலூர், திருச்சிராப்பள்ளி, சேலம், திருநெல்வேலி முதலிய ஊர்களை நேரிற் கண்டார். 1854இல் பாராளுமன்றத்தில் இப்பொருள் எழுந்தபோது சித்திரவதையே இல்லையென்று சாதித்தோரும் இருந்தனர். எனினும் அவ்வாண்டிலேயே விசாரணைக் குழு அமைந்தது. அதன்முன் 519 பேர் நேரில் வந்தனர். 1,440 முறையீடுகள் கடிதமாக வந்தன. கால்நடையாகவும் கட்டுச்சோற்றுடனும் அன்றி அந்நாளில் ஏழை உழவர் சென்னை வந்துசேர வழி ஏது? அவ்வருமையை எண்ணினால் இவ்வெண்கள் சிறியனவாகத் தோன்றா.

1855இல் வெளிவந்த அறிக்கை, சித்திரவதை உண்டென்று ஒப்புக்கொண்டது. பழி முழுவதையும் கீழ்நிலைச் சுதேச ஊழியர்மீது சுமத்தி வெள்ளை அதிகாரிகளை விடுவித்தது நடுநிலை என்று நாம் கொள்ளோம். ஆயினும் அரசே அச்சிட்ட ஏட்டை அரசே மறுத்தல் இயலுமா? 1857இல் கார்ல் மார்க்ஸ் அவ்வேட்டைக் கொண்டே நியூயார்க் நாளிதழொன்றில் கும்பினியைக் குற்றக்கூண்டில் ஏற்றினார். வரி தண்டுவோரிடமிருந்து காவல் அதிகாரத்தைப் பிரித்த சென்னைக் காவல் சட்டம் 1859இல் வந்தது.

1863இல் செட்டியார் சென்னைச் சட்டமன்ற உறுப்பினராக நியமிக்கப் பெற்றார். ஈட்டியதையெல்லாம் பொதுப்பணியில் கரைத்துவிட்டு, 1868இல் வறியவராகவே மறைந்தார்.