தையற்காரப் பெண் செய்த கண்ணாடித் தொட்டி

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பது இன்று சாதாரண விஷயம். கடைக்குப் போனால் தொட்டியும் கிடைக்கும்; மீனும் கிடைக்கும்.

200 ஆண்டுகளுக்கு முன் அப்படி இல்லை. கடல் பிராணிகளைப் பற்றி ஆராய்ந்தவர்கள், பெரும்பாலும் செத்த பிராணிகளையே பார்த்தார்கள். அவற்றை உயிரோடு வைத்துப் பார்ப்பதற்குக் கண்ணாடித் தொட்டி செய்து வழி காட்டியவர் ஒரு பெண். அவர் தையல் வேலை செய்து பிழைத்தவர். பெயர், ழான் வில்ப்ரூ.

நடந்தே போனார்

பிரான்சு நாட்டில் ஜுயாக் என்ற சிற்றூரில், 1794-ம் ஆண்டு ழான் பிறந்தார். எளிய குடும்பம். அதிகப் படிப்பு இல்லை.

18-வது வயதில் வேலை தேடிப் பாரிசு நகருக்குப் புறப்பட்டார். தூரம் 400 கிலோ மீட்டருக்கு மேல். நடந்தே போனார். வழியில் தடங்கல் ஏற்பட்டது. பாரிசு போய்ச் சேர்ந்தபோது, அவருக்காகச் சொல்லி வைத்திருந்த வேலை வேறு ஒருவருக்குப் போய்விட்டது.

ழான் ஊருக்குத் திரும்பவில்லை. வேறொரு தையல் கடையில் உதவியாளாகச் சேர்ந்தார்.

1816-ம் ஆண்டு இளவரசி கரோலினுக்கும் பிரெஞ்சு அரச குடும்பத்தைச் சேர்ந்த பெரி பிரபுவுக்கும் திருமணம் நடந்தது. மணப்பெண்ணின் உடையைத் தயாரித்தவர் ழான். அதனால் அவர் பெயர் பரவியது. ஜேம்ஸ் பவர் என்ற ஆங்கில வியாபாரியின் அறிமுகம் கிடைத்தது. 1818-ல் இருவரும் திருமணம் செய்து கொண்டு, இத்தாலிக்குத் தெற்கே உள்ள சிசிலித் தீவில், மெசினா என்ற துறைமுக நகரில் குடியேறினார்கள்.

ஓடு யாருடையது?

இனி ழான் ஊசி பிடிக்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் அவர் சும்மா இருக்கவில்லை. தாமாகவே புத்தகங்களைப் படித்தார். தீவு முழுவதும் சுற்றினார். செடி, சங்கு, பூச்சி எல்லாவற்றையும் சேகரித்தார்.

மெசினாக் கடலில் ஆர்கோநாட் என்ற பிராணி உண்டு. அது பேய்க் கணவாய் வகை. எட்டுக் கைகள் உடையது. பெண் ஆர்கோநாட், காகிதம் போல் மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் வாழும். முட்டைகளையும் அதிலேயே வைத்துக் காக்கும்.

அந்த ஓட்டை அதுவே உண்டாக்குகிறதா? அல்லது காலிச் சங்குக்குள் புகுந்து கொள்ளும் நண்டைப் போல, வேறு பிராணியின் ஓட்டைப் பிடித்துக் கொள்கிறதா? அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதித்து வந்தார்கள். முடிவு ஏற்படவில்லை.

செத்த பிராணி இதற்குப் பதில் சொல்லாது என்று ழான் கண்டு கொண்டார். உயிருள்ள பிராணியைப் பார்க்க வேண்டும். அது கடலில் இருப்பது போலவே உயிர் வாழவும் வேண்டும்.

மூன்று விதத் தொட்டிகள்

1832-ம் ஆண்டு அவர் வேலையைத் தொடங்கினார். மூன்று விதமான தொட்டிகளுக்குத் திட்டம் போட்டார்.

முதலாவது, வீட்டில் வைக்கும் கண்ணாடித் தொட்டி. கடல் நீர் நிரப்பிய அதில், பிராணியின் ஒவ்வொரு அசைவையும் பக்கத்தில் இருந்தே பார்க்கலாம்.

இரண்டாவது, கூண்டுக்குள் பொருத்திய கண்ணாடித் தொட்டி. இதை ஆழம் குறைந்த கடலில் இறக்கி வைக்கலாம்.

மூன்றாவது, பெரிய பிராணிகளுக்கான கூண்டு. நங்கூரம் பாய்ச்சி அதைக் கடலுக்குள் நிறுத்தினார். கடல் நீர் கூண்டுக்குள் தானாகவே வந்து போகும்.

உடைத்துப் பார்த்தார்

ஆர்கோநாட்டின் ஓட்டில் ஒரு துண்டை ழான் உடைத்து எடுத்தார். பிறகு பொறுமையாகக் கவனித்தார்.

அதன் எட்டுக் கைகளில் இரண்டு மட்டும் அகலமானவை. காற்றில் பாய் விரித்துச் செல்லவே அந்தக் கைகள் என்று பழங்காலத்தவர் நினைத்தார்கள். ழான் கண்டது வேறு. அந்தக் கைகளால் பிராணி ஓட்டை அணைத்துக் கொண்டது. கைகளிலிருந்து ஊறிய பொருளால் உடைந்த இடத்தை அடைத்தது.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகளுக்கு ஓடு இல்லை என்பதையும் ழான் கவனித்தார். ஆகவே ஓடு திருட்டுச் சொத்து அல்ல. ஆர்கோநாட் தானே கட்டும் வீடு அது!

சிசிலியில் உள்ள கட்டானியா நகர விஞ்ஞானக் கழகம், அவரை முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக் கொண்டது. லண்டனில் ரிச்சர்டு ஓவன் என்ற பெரிய விஞ்ஞானி, 1839-ல் அவருடைய ஆராய்ச்சியை அறிஞர்கள் முன் எடுத்துச் சொன்னார்.

கப்பல் மூழ்கியது

ஆனால் பெரிய நஷ்டம் ஒன்றும் நேர்ந்தது. அவர் சேகரித்த பொருள்களையும், எழுதிய குறிப்புகளையும், வரைந்த படங்களையும் ஏற்றிச் சென்ற கப்பல் கடலில் மூழ்கியது. பல ஆண்டு உழைப்பு, எந்தக் கடலிலிருந்து வந்ததோ அந்தக் கடலுக்கே போய்விட்டது.

1843-ல் கணவனும் மனைவியும் சிசிலியை விட்டுச் சென்றார்கள். ழான் பிறகும் எழுதினார். புதிய ஆராய்ச்சி எதிலும் இறங்கவில்லை. 1870-ல் ஜெர்மானியப் படை பாரிசை முற்றுகையிட்டது. அப்போது பாரிசில் இருந்த அவர், பிறந்த ஊருக்குத் திரும்பினார். 1871 ஜனவரியில் அங்கேயே காலமானார்.

அதன்பின் நூறு ஆண்டுகளுக்கு மேல் உலகம் அவரை மறந்தே இருந்தது. 1997-ல், வெள்ளிக் கிரகத்தில் உள்ள ஒரு பெரிய பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. பிழைப்புத் தேடி ஜுயாக்கிலிருந்து நடந்தே கிளம்பிய பெண்ணின் பெயர், இன்று வானத்தில் இருக்கிறது.