வெனிஸை 'வாணீபுரம்' ஆக்கிய வக்கீல்

அண்ணாகிராமம், பண்ருட்டி பக்கத்து ஆளா நீங்க? அப்போ விடிய விடிய தெருக்கூத்து பார்த்திருப்பீங்க. அஸ்தினாபுரம் எந்தத் திசையில இருக்குன்னு அங்கே யாரும் கேட்கிறதில்லை. ஷேக்ஸ்பியரையும் அப்படிப் பார்க்க வைத்தவர் பம்மல் சம்பந்த முதலியார்.

1873-ல் பிறந்த அவருக்குச் சின்ன வயதில் தமிழ் நாடகமே ஆகாது. பெல்லாரியிலிருந்து சென்னைக்கு வந்த தெலுங்குக் குழு நடித்ததைப் பார்த்து மனசு மாறினார். படித்தவர்களே வேஷம் கட்டியிருந்தார்களே! 1891-ல், பதினெட்டு வயதில், நண்பர்களோடு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். நடிகர்களை 'கூத்தாடி' என்று மட்டமாகப் பேசிய காலம் அது. வக்கீலானார், நீதிபதியானார், அரிதாரத்தை மட்டும் விடவில்லை.

அவர் வைத்த பெயர்களைப் பாருங்க. ஹாம்லெட், 'அமலாதித்யன்'. மாக்பெத், 'மகபதி'. வெனிஸ் வியாபாரி, 'வாணீபுர வணிகன்'. என் ஓட்டு சிம்பலினுக்குத்தான்! பிரிட்டன் ராஜாவான அவன் தமிழில் 'சிம்ஹளநாதன்'. தீவுக்குத் தீவு, ஓசைக்கு ஓசை. டென்மார்க் எங்கே இருக்குன்னு தெரியாதவரும் அமலாதித்யனுக்காக அழலாம். வெனிஸின் வாசம் போச்சேன்னு நீங்க சண்டைக்கு வரலாம். போனதுதான்.

1959-ல் பத்மபூஷண் வாங்கி, 1964-ல் மறைந்தார். சிவாஜியின் 'மனோகரா' பார்த்திருக்கீங்களா? அதன் மூலக்கதையும் இவருடைய நாடகம்தான்.