பின்னக் கணக்கால் புகழ் பெற்ற நெல்லை மேதை

ஓர் எண்ணின் பாதியையும், மூன்றில் ஒரு பங்கையும் கூட்டினால் 10 வருகிறது. அந்த எண் எது?

நாங்குநேரிப் பள்ளிச் சிறுவன் முதலில் பின்னத்தை ஒழிப்பான். எல்லாவற்றையும் 6-ஆல் பெருக்குவான். பாதி, 3 மடங்கு ஆகும். மூன்றில் ஒரு பங்கு, 2 மடங்கு ஆகும். 10 என்பது 60 ஆகும். ஆக, 5 மடங்கு 60. அப்படியானால் எண் 12!

பின்னம் வரும் இன்னொரு கணக்கால் உலகப் புகழ் பெற்றார், இதே நெல்லைச் சீமையில் பிறந்த ஒருவர். அவர்தான் கணித மேதை எஸ்.எஸ்.பிள்ளை.

கைகொடுத்த ஆசிரியர்

முழுப் பெயர், சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. 1901-ம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி, குற்றாலத்தை அடுத்த வல்லத்தில் பிறந்தார். ஒரு வயதில் தாயை இழந்தார். செங்கோட்டையில் படித்தார். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் தந்தையும் காலமானார்.

படிப்பு நின்றுவிடும் நிலை. அப்போது அவருடைய ஆசிரியர் ஒருவர் உதவினார். அந்த உதவி இல்லாவிட்டால், நாடு ஒரு மேதையை இழந்திருக்கும்.

பிறகு உதவிச் சம்பளம் கிடைத்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியிலும், திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் படித்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனார்.

பழைய புதிர்

1, 8, 27 போன்றவை கன எண்கள். எந்த எண்ணையும் இவற்றைக் கூட்டியே உண்டாக்கலாம். அதிகம் போனால் ஒன்பது போதும். 23-க்கு இரண்டு 8, ஏழு 1, ஆக ஒன்பது.

கனத்துக்கு மேற்பட்ட அடுக்குகளுக்கு எத்தனை வேண்டும்? 1770-ல் இங்கிலாந்தின் வாரிங் கிளப்பிய புதிர் இது.

இதற்கு ஒரு வழி உண்டு. ஒன்றரையை மூன்று தடவை எழுதிப் பெருக்குங்கள். 27/8 வரும். அதாவது 3-ம், 3/8-ம். பின்னத்தை விட்டுவிடுங்கள். மிச்சம் 3. இரண்டை மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் 8. இரண்டையும் கூட்டி, 2-ஐக் கழியுங்கள். விடை 9!

வழியை ஊகித்தவர்கள் முன்பே உண்டு. நிரூபிக்கத்தான் ஆள் இல்லை. விட்டுவிட்ட அந்தப் பின்னம் 1-க்கு மிகவும் நெருங்காதவரை, பெரிய அடுக்குகளுக்கு இது சரியே என்று 1936-ல் பிள்ளை நிரூபித்தார். அதே சமயம் அமெரிக்காவில் டிக்சன் என்பவரும் தனியே நிரூபித்தார். ஆறாம் அடுக்குக்கு விடை 73 என்று 1940-ல் காட்டியவரும் பிள்ளையே.

கெய்ரோவில் முடிந்த பயணம்

பின்னர் கல்கத்தா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். 1950-ல் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் ஆராய்ச்சிக் கழகம் அவரை அழைத்தது. ஹார்வர்டில் உலகக் கணித மாநாடும் காத்திருந்தது. ஆனந்தமாகப் புறப்பட்டார்.

ஆகஸ்ட் 31-ந் தேதி கெய்ரோ அருகே விமானம் நொறுங்கியது. அதில் இருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு அப்போது வயது 49.

மீதி இருந்த நான்காம் அடுக்குக்கு 1986-ல் விடை கிடைத்தது. விடை 19. கண்டவர்கள் மூவர். அவர்களில் ஒருவர், சென்னையின் கணித அறிஞர் பாலசுப்பிரமணியன்.

பின்னம் என்றதும் பயப்படும் குழந்தைக்கு, வல்லத்துப் பிள்ளையின் கதையைச் சொல்லுங்கள்.