ரிலே தந்த ஜோசப் ஹென்றி



லேபில் இருபது இடத்து வோல்டேஜை அளக்க வேண்டுமென்றால் என்ன செய்கிறோம்? மீட்டர் வயரை ஒவ்வொரு இடமாகக் கழற்றிக் கழற்றி மாட்டுகிறோம். பெரிய லேப்களில் இந்த வேலையை ஸ்கேனர் என்ற பெட்டி பார்த்துக்கொள்கிறது. அதற்குள் வரிசையாக ரிலேக்கள். கம்ப்யூட்டர் ஆணையிட்டதும் ஒரு ரிலே மூடும். காண்டாக்ட் அதிர்வு அடங்கும் வரை கொஞ்சம் பொறுத்து மீட்டர் அளக்கும். அது திறந்த பிறகுதான் அடுத்தது மூடும். இரண்டும் சேர்ந்து மூடினால் ஷார்ட் ஆகிவிடும் அல்லவா! இந்த ரிலேக்கு வழி காட்டியவர்தான் ஜோசப் ஹென்றி.

அமெரிக்காவின் ஆல்பனி நகரில் 1797 டிசம்பர் 17-ல் பிறந்தார். அப்பா கூலித் தொழிலாளி. மகன் சிறுவனாக இருந்தபோதே இறந்துவிட்டார். பாட்டி வீட்டில் வளர்ந்த ஹென்றி, சின்ன வயதிலேயே கடையில் வேலைக்குப் போனார். அப்புறம் கடிகாரம் பழுது பார்ப்பவரிடம் தொழில் பழகினார். பதினாறு வயதில் தற்செயலாகக் கையில் கிடைத்த ஓர் அறிவியல் புத்தகம் அவர் மனதை அப்படியே மாற்றிவிட்டது. 1819-ல் ஆல்பனி அகாடமியில் சம்பளமில்லாமல் படிக்க இடம் கிடைத்தது. ட்யூஷன் எடுத்துத்தான் வயிறு கழுவினார். 1826-ல் அங்கேயே ஆசிரியரும் ஆனார்!

நாள் முழுக்கப் பாடம். ஆராய்ச்சிக்குக் கிடைத்தது விடுமுறை நாட்கள்தான். ஆனாலும் விடவில்லை. கம்பியைப் பட்டு நூலால் சுற்றி இன்சுலேட் செய்து, அடுக்கடுக்காகச் சுற்றினார். 1831-ல் அவர் செய்த காந்தம் 900 கிலோவுக்கும் மேல் தூக்கியது. அதே காலத்தில் ஒரு மைலுக்கும் நீளமான கம்பியில் கரண்ட் அனுப்பி மணி அடிக்க வைத்தார்.

நீளமான கம்பியில் கரண்ட் பலவீனமாகும். அந்தக் கொஞ்சக் கரண்டால் பெரிய வேலை செய்ய முடியுமா? பிரின்ஸ்டன் கல்லூரியில் 1835 வாக்கில் விடை கண்டார். தூரத்திலிருந்து வரும் சின்னக் கரண்ட் ஒரு சிறு காந்தத்தை இயக்கும். அந்தக் காந்தம் பக்கத்திலுள்ள பெரிய பேட்டரியின் சர்க்யூட்டைத் திறக்கும், மூடும். அவ்வளவுதான், ரிலே ரெடி!

காயில் சர்க்யூட்டைத் துண்டிக்கும்போது பளிச்சென்று பொறி வருவதையும் அவர் கண்டு 1832-ல் எழுதினார். இதுவே செல்ஃப் இண்டக்ஷன். ரிலே காயிலுக்குக் குறுக்கே நாம் டயோடு போடுவது இதனால்தான். போடாவிட்டால் டிரான்சிஸ்டர் போயே போச்சு!

மின்காந்தத் தூண்டலை ஹென்றியும் தனியாகக் கண்டறிந்திருந்தார். ஆனால் முதலில் வெளியிட்டவர் ஃபாரடே. பெயர் அவருக்கே போனது. தந்தி மூலம் காசும் புகழும் சேர்ந்தது மோர்ஸுக்கு. ஹென்றி எதற்கும் பேட்டண்ட் வாங்கவில்லை. 1846-ல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் முதல் செயலாளரானார். 1878 மே 13-ல் மறையும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1893-ல் சிகாகோ மாநாடு இண்டக்டன்ஸ் அலகுக்கு ஹென்றி என்று பெயர் வைத்தது.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டில் முதல் முதலாகப் படிக்க வந்தவர்கள். கூலிக்காரர் மகன் பெயரை இன்று உலகமே அலகாகச் சொல்கிறது. அடுத்த முறை ரிலே டிக் என்று அடிக்கும்போது அவரை நினைத்துக்கொள்வோம். நம்மாலும் முடியும்!