துப்பாக்கி மேதை பிரவுனிங்
ஒரு வெண்கல வளையத்தின் கதை

கதவுக் கீல் கிறீச்சிட்டால் எண்ணெய் விடுகிறோம். வண்டிச் சக்கரத்துக்கு மசகு போடுகிறோம். இரும்பும் இரும்பும் உராய்ந்தால் தேய்மானம்; எண்ணெய் காய்ந்தால் துரு. உராய்வு என்றாலே நமக்கு எதிரிதான்.

ஆனால், அந்த உராய்வையே வேலைக்காரனாக்கிக் கொண்டார் ஒருவர். அவர்தான் ஜான் மோசஸ் பிரவுனிங்.

பட்டறையில் வளர்ந்தவர்

அமெரிக்காவின் யூட்டா பகுதியில் ஆக்டன் என்ற ஊரில், 1855-ம் ஆண்டு ஜனவரி மாதம் அவர் பிறந்தார். தந்தை ஜொனாதன், துப்பாக்கி செய்யும் தொழிலாளி. அவருடைய குடும்பம் மிகப் பெரியது. பிள்ளைகள் மட்டும் 22 பேர்!

தந்தையின் பட்டறையே சிறுவன் ஜானுக்குப் பள்ளிக்கூடம். சுத்தியும் அரமும் விளையாட்டுச் சாமான்கள். அங்கே கிடந்த பழைய துண்டு துணுக்குகளைக் கொண்டு, பத்து வயதிலேயே ஒரு துப்பாக்கி செய்துவிட்டான்.

1879-ல் தந்தை இறந்தார். அதே ஆண்டில் மகனுக்கு முதல் பேடண்ட் உரிமை கிடைத்தது. பிரவுனிங் சகோதரர்கள் சேர்ந்து சிறு தொழிற்சாலை வைத்தார்கள்.

1883-ல் வின்செஸ்டர் என்ற பெரிய கம்பெனி அவர்களைத் தேடி வந்தது. அந்த முதல் துப்பாக்கியின் உரிமையை 8,000 டாலருக்கு வாங்கிக் கொண்டது. அன்று தொடங்கிய உறவு 19 ஆண்டுகள் நீடித்தது.

உதைக்கும் வேலை கொடுத்தார்!

துப்பாக்கியைச் சுட்டால் அது தோளில் உதைக்கும். அந்த உதை வீணாகத்தானே போகிறது? அதைக் கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றினால் என்ன? பிரவுனிங்கின் மூளை இப்படி வேலை செய்தது.

பறவை வேட்டைக்கான ரவைத் துப்பாக்கி ஒன்றை அவர் அமைத்தார். 1900-ல் அதற்குப் பேடண்ட் கிடைத்தது. சுட்டதும், குழலும் அதன் பின்னால் உள்ள அடைப்பும் சேர்ந்தே பின்னுக்கு ஓடும். ஸ்பிரிங் குழலை முன்னே தள்ளும். காலித் தோட்டா வெளியே விழும். பிறகு அடைப்பு, புதுத் தோட்டாவை எடுத்துக்கொண்டு முன்னே வந்து மூடிக்கொள்ளும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. கனமான தோட்டா பலமாக உதைக்கும். லேசான தோட்டா மெதுவாக உதைக்கும். பலமாக உதைத்தால் குழல் பின்னால் வந்து மோதும். மரப்பிடி பிளந்துபோகலாம். மெதுவாக உதைத்தால் குழல் முழுதும் பின்னுக்கு வராது, தோட்டா சிக்கிக்கொள்ளும்.

இங்கேதான் அந்த வெண்கல வளையம் வந்தது! குழலுக்குக் கீழே, தோட்டாக்கள் இருக்கும் குழாயைச் சுற்றி அதை மாட்டினார். குழல் பின்னுக்கு வரும்போது வளையம் குழாயை இறுக்கிப் பிடிக்கும். சைக்கிளுக்குப் பிரேக் போல! லேசான தோட்டாவுக்குப் பக்கத்து உருக்கு வளையத்தை இடம் மாற்றி வைத்தால், பிடி தளரும்.

கதவு அடைந்தது, கதவு திறந்தது

இதுவரை பிரவுனிங் தம் கண்டுபிடிப்புகளை வின்செஸ்டருக்கு மொத்த விலைக்கு விற்று வந்தார். இந்தத் துப்பாக்கிக்கு மட்டும், விற்கும் ஒவ்வொன்றுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டார். வின்செஸ்டர் மறுத்தது. 19 ஆண்டு உறவு முறிந்தது.

ரெமிங்டன் கம்பெனித் தலைவரைப் பார்க்கப் போனார். அது 1902-ம் ஆண்டு ஜனவரி மாதம். அவர் காத்திருந்தபோதே, தலைவர் மாரடைப்பால் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தது!

பிரவுனிங் மனம் தளரவில்லை. கப்பலேறி பெல்ஜியம் போனார். லியேஜ் நகருக்கு அருகே ஹெர்ஸ்டால் என்ற ஊரில் இருந்த எஃப்.என். தொழிற்சாலை அதைத் தயாரிக்க ஒப்புக்கொண்டது. 1905-ல் ரெமிங்டனும் உரிமை பெற்றுத் தயாரிக்கத் தொடங்கியது. ‘ஆட்டோ-5’ என்று பெயர் பெற்ற அந்தத் துப்பாக்கி, இருபதாம் நூற்றாண்டின் கடைசி வரை தயாராகி வந்தது.

1926-ம் ஆண்டு நவம்பர் 26. அதே ஹெர்ஸ்டால் தொழிற்சாலையில் பிரவுனிங் காலமானார். வயது 71. அவர் பெற்ற பேடண்டுகள் 128. அவர் பாதியில் விட்டுச் சென்ற இரட்டைக்குழல் துப்பாக்கியை மகன் வால் முடித்துக் கொடுத்தார்.

வழுக்கும் முலாம்

அவர் மறைந்த பிறகு, முலாம் பூசும் தொழில் வெகுவாக முன்னேறியது. 1946-ல் அமெரிக்காவில் பிரென்னர், ரிடெல் என்ற இருவர், மின்சாரம் இல்லாமலே நிக்கல் முலாம் பூசும் முறையை வெளியிட்டார்கள். சூடான மருந்து நீரில் இரும்பை அமிழ்த்தினால் போதும். மூலை முடுக்கெல்லாம் ஒரே சீராக முலாம் ஏறும். துருவை இது தடுக்கும். பின்னாளில் டெஃப்லான் தூளையும் அதில் கலந்தார்கள். முலாம் வழவழப்பானது. புகைக்கரி ஒட்டினாலும் துணியால் துடைத்துவிடலாம்.

அடைப்பு போன்ற ஓடும் பாகங்களுக்கு இது நல்லதே. ஆனால் முலாம், மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு கனம் ஏறினாலும், இடைவெளி குறையும். அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

முக்கியமானது இன்னொன்று. ஆட்டோ-5-ல் வெண்கல வளையம் பிடிக்கும் குழாய்க்கும் இந்த முலாமைப் பூசினால் என்ன ஆகும்? பிரேக் வழுக்கும். குழல் போய் மோதும். துருவிலிருந்து காப்பாற்றப் போய், துப்பாக்கியையே கெடுத்ததாக முடியும்!

அந்தக் குழாயில் எண்ணெய்கூட அளவோடுதான் இருக்க வேண்டும். கூடினால் பிடிக்காது, காய்ந்தால் ஓடாது.

எல்லாம் வழுக்கினால் இயந்திரம் நிற்காது. எல்லாம் பிடித்தால் இயந்திரம் ஓடாது. எங்கே எது வேண்டும் என்று பார்த்துச் செய்வதுதான் தொழில். ஆக்டன் பட்டறையில் அரம் பிடித்துப் பழகிய பையனுக்கு, அது கைவந்த கலையாக இருந்தது.