பயத்தை ஊசியில் ஏற்றிய டாக்டர்

லிஃப்ட்டில் போய்க்கிட்டிருக்கீங்க. திடீர்னு நெஞ்சு படபடக்குது, உள்ளங்கை வியர்க்குது, கை நடுங்குது. எதிரில் புலியும் இல்லை, பூதமும் இல்லை. ஆனாலும், உயிரே போய்டும்போல ஒரு பயம். பயந்ததால் உடம்பு நடுங்கியதா, உடம்பு நடுங்கியதால் பயம் வந்ததா?

இந்தக் கேள்வியை ஊசியும் கையுமாகத் துரத்தியவர், ஸ்பெயின் நாட்டு டாக்டர் கிரெகோரியோ மாரன்யோன். 1887-ல் மாட்ரிட்டில் பிறந்தவர். அந்த நாட்டில் ஹார்மோன் மருத்துவத்துக்கு முன்னோடி.

1924-ல் வெளியான அவருடைய ஆய்வு சுவாரஸ்யமானது. 210 பேருக்கு அட்ரினலின் ஊசி போட்டுப் பார்த்தார். நாம் பயந்தால் உடம்பு தானாகவே சுரக்கிற அதே சமாச்சாரம்தான். எல்லாரும் அலறியிருப்பாங்கன்னுதானே நினைக்கிறீங்க? அதுதான் இல்லை. பெரும்பாலானவர்கள் படபடப்பையும் நடுக்கத்தையும் மட்டும்தான் சொன்னார்கள். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான் மனசும் கொஞ்சம் அசைந்தது. அவர்களிலும் பலருக்கு வந்தது ஒரு விநோத நிலை. பயப்படுகிற மாதிரி இருக்கும். ஆனா, பயம் இருக்காது!

நிஜமாகவே கலங்கியவர்கள் கொஞ்சம் பேர்தான். அங்கேதான் மாரன்யோன் ஒன்றைக் கவனித்தார். நோயில் கிடக்கும் பிள்ளையைப் பற்றியோ, இறந்துபோன அப்பா, அம்மாவைப் பற்றியோ ஊசிக்கு முன்னால் பேச்சுக்கொடுத்தால், நிதானமாகப் பதில் சொல்வார்கள். ஊசி வேலைசெய்யும் நேரத்தில் அதே பேச்சை எடுத்தால், உடைந்துபோவார்கள். உடம்பின் படபடப்போடு மனசில் ஒரு காரணமும் சேர வேண்டியிருந்தது. (இன்றைக்கு இப்படிச் செய்ய அவ்வளவு சுலபத்தில் அனுமதி கிடைக்காது!)

மனுஷர் ஆய்வுக்கூடத்தோடு நிற்கவில்லை. சர்வாதிகாரி ப்ரீமோ தெ ரிவேராவின் ஆட்சியில், 1926-ல் சிறைக்குப் போனார். 1931 ஏப்ரல் 14 அன்று, மன்னராட்சி குடியரசுக்கு வழிவிடுவது பற்றி இரு தரப்பும் பேசியது இவர் வீட்டில்தான். உள்நாட்டுப் போர் வந்ததும் பாரிஸுக்குப் போய், 1942-ல் திரும்பினார். இடையில், ரோமப் பேரரசர் டைபீரியஸின் வாழ்க்கை வரலாறுகூட எழுதினார். எங்கே நேரம் கிடைத்ததோ! 1960-ல் மாட்ரிட்டிலேயே காலமானார்.

ஏழு வருஷம் கழித்து, 1967-ல், அமெரிக்காவில் சோடியம் லாக்டேட்டை நரம்பு வழியாக ஏற்றினார்கள். ஏற்கெனவே பதற்ற நோய் இருந்தவர்களில் பெரும்பாலானோருக்கு 'பேனிக் அட்டாக்' வந்தது. நோய் இல்லாதவர்களில் பெரும்பாலானோருக்கு வரவில்லை. ஒரே மருந்து ஏன் சிலரை மட்டும் ஆட்டிப்படைக்கிறது? அந்த ஆராய்ச்சி இன்னும் முடிந்தபாடில்லை.

மாட்ரிட் போனால், மாரன்யோன் பெயரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியைப் பார்க்கலாம். மெட்ரோ ஸ்டேஷனும் இருக்கிறது. பீக் ஹவரில் போனால், கொஞ்சம் படபடப்பாகத்தான் இருக்கும்!